“கூல்டிரிங்ஸ் கொடுக்கிறதே இல்ல டாக்டர், ஜூஸ் மட்டும்தான்”

குழந்தையைக் கூட்டி வரும் பெற்றோரிடம் “கூல்டிரிங்ஸ் கொடுப்பீங்களா?” என்று கேட்டால், பத்துக்கு ஒன்பது பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களைப் பொறுத்தவரை கறுப்பாக, நுரை பொங்கி, மூக்கில் சுருக்கென்று ஏறுவதுதான் கூல்டிரிங்ஸ். மாம்பழப் படம் போட்ட டெட்ரா பாக்கெட் ஜூஸ். மருந்துக்கடையில் வாங்கிய ஆரஞ்சு பாக்கெட் சத்துத் தண்ணீர். பள்ளிக்கூட வாசலில் 20 ரூபாய்க்குக் கிடைக்கும் சிவப்புப் பாட்டில் எனர்ஜி. இவை எதுவும் கூல்டிரிங்ஸ் கணக்கில் வராது.

அதனால்தான் நான் கேள்வியையே மாற்றிவிட்டேன். “கடையில பாட்டில்லயோ பாக்கெட்லயோ அடைச்சு விக்கிற இனிப்பான எதையாவது நேத்து குடிச்சானா?” அதுவும் ‘நேத்து’ என்று கேட்க வேண்டும். ‘எப்பவாவது’ என்று கேட்டால் ‘எப்பவாவதுதான்’ என்றே பதில் வரும். இப்படிக் கேட்டால் உண்மையான கணக்கு வெளியே வரும்: காலையில் ஒரு மாம்பழப் பாக்கெட், டியூஷன் போகும்போது ஒன்று, இரவில் அப்பா வாங்கி வந்தது ஒன்று.

இதை இப்போது எழுதக் காரணம், இரண்டு வயதுக் குழந்தை ஒன்று. மூன்று நாளாகப் பேதி. கண் குழி விழுந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் படிகிறது. வீட்டில் ஓ.ஆர்.எஸ். (பேதிக்குக் கொடுக்கும் உப்பு, குளுக்கோஸ் கரைசல்) கொடுத்ததாகச் சொன்னார்கள். பையிலிருந்து எடுத்துக் காட்டியது 200 மில்லி இனிப்புப் பானம். அதைக் கொடுக்கக் கொடுக்கப் பேதி கூடியிருக்கிறது. கூடியதால் இன்னும் கொடுத்திருக்கிறார்கள். இது எனக்கு முதல் குழந்தை இல்லை, அதுதான் ஆற்றாமை. பேதிக்கு என்ன கொடுப்பது என்பதைக் கீழே விரிவாகவே எழுதுகிறேன். அதற்கு முன் இந்தப் பாக்கெட்டுகள் எப்படி நம் வீட்டுக்குள் வந்தன என்று பார்த்துவிடலாம்.

கடை வாசலில் நின்ற பானம் பள்ளிப் பைக்குள் வந்த விதம்

கோலி சோடாவைக் கடையில் நின்றுதான் குடிக்க முடியும். குண்டை அழுத்தித் திறந்து, குடித்துவிட்டு, பாட்டிலைக் கடைக்காரரிடமே திருப்பித் தர வேண்டும். கலர் என்று நாம் சொல்லும் பானங்கள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. 1916-இல் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பொவண்டோவும், 1977-இல் கோகோ கோலா நாட்டை விட்டுப் போனபின் அந்த இடத்தைப் பிடித்த தம்ஸ் அப்பும் கண்ணாடி பாட்டிலில்தான் விற்றன. பாட்டிலுக்குக் காசு கட்டாமல் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. சர்க்கரை அப்போதும் இதே அளவுதான். ஆனால் பாட்டிலைத் திருப்பித் தர வேண்டும் என்ற அந்த ஒன்றே இயல்பான கட்டுப்பாடாக இருந்தது. ஊருக்குப் போனால், சினிமாவுக்குப் போனால், விருந்தாளி வந்தால் கலர்.

1990-இல் பெப்சி வந்தது. 1993-இல் கோகோ கோலா திரும்பி வந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் ஆகியவற்றையும் வாங்கிக்கொண்டது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் 200 மில்லி பாட்டில் 5 ரூபாய்க்கு இறங்கியது. இவற்றையெல்லாம் விடப் பழக்கத்தை அதிகம் மாற்றியவை பெட் எனும் பிளாஸ்டிக் பாட்டிலும் டெட்ரா பாக்கெட்டும்தான். மூடியைத் திருகி மூடலாம், கையில் எடுத்துப் போகலாம், ஃபிரிட்ஜில் அடுக்கலாம், ஸ்ட்ராவைக் குத்திக் குழந்தை கையில் கொடுத்துவிடலாம். குடிப்பதற்கென்று ஓர் இடமும் நேரமும் இருந்தது போய்விட்டது.

அடுத்தது விலை. 2023-இல் ரிலையன்ஸ் கேம்பா கோலாவைத் திரும்பக் கொண்டு வந்தபோது 200 மில்லி 10 ரூபாய். போட்டியாளர்களும் 10 ரூபாய் பாட்டில்களை இறக்கினார்கள். ஏழாம் வகுப்புப் பையனின் சட்டைப் பையில் இருப்பது ஒரு பத்து ரூபாய்த் தாள்தான். அந்தத் தாளுக்கு முன்பு கடலை மிட்டாய் வந்தது, இப்போது பானம் வருகிறது. எனர்ஜி டிரிங்க் விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். டின் ஒன்று 100 ரூபாய்க்கு மேல் விற்றவரை அது வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரி மாணவர்கள் குடிக்கும் பொருள். 250 மில்லி பாட்டில் 20 ரூபாய்க்கு வந்தபின் அது பள்ளிக்குள் நுழைந்துவிட்டது. குடிப்பவர்களின் வயதை விலைதான் முடிவு செய்கிறது.

மூன்றாவது, பெட்டிக்கடை வாசலில் நிற்கும் கண்ணாடிக் கதவுக் குளிர்பெட்டி. பெரும்பாலும் பான நிறுவனங்களே கடைக்காரருக்குக் கொடுப்பது அது. பால், தயிர், தண்ணீர் வாங்கப் போகிறவரும் அந்தக் கதவைத்தான் திறக்க வேண்டும். குழந்தையின் கண் உயரத்தில் எந்த வண்ணம் இருக்கும் என்று அடுத்த முறை போகும்போது குனிந்து பாருங்கள்.

வரியும் இந்தக் குழப்பத்துக்குத் துணை போகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் வாயு அடைத்த இனிப்புப் பானங்களுக்கும் கஃபைன் (காபியில் இருக்கும் ஊக்கப்பொருள்) சேர்த்த பானங்களுக்கும் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். வாயு இல்லாத பழக்கூழ்ப் பானங்களுக்கு 12-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. சர்க்கரையே இல்லாத டயட் சோடாவுக்கும் 40, 100 மில்லிக்கு 13 கிராம் சர்க்கரை உள்ள மாம்பழப் பானத்துக்கு 5. குமிழிக்குத்தான் வரி, சர்க்கரைக்கு இல்லை. பழ விவசாயிகளுக்கு உதவும் என்ற நியாயம் இருக்கலாம். ஆனால் ‘கேஸ் கெடுதல், ஜூஸ் நல்லது’ என்று வீட்டில் இருக்கும் நம்பிக்கைக்கு விலைப்பட்டியலும் முத்திரை குத்திவிடுகிறது.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017 மார்ச்சில் தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் பன்னாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று அறிவித்த நாளிலிருந்து, உள்ளூர் பானம் என்றால் உடம்புக்கு நல்லது என்று ஒரு பேச்சு இருக்கிறது. உள்ளூர் நிறுவனத்தை ஆதரிப்பது நல்ல காரியம், செய்யுங்கள். கணையத்துக்கு மட்டும் அந்த வித்தியாசம் தெரியாது. பன்னீர் சோடா, நன்னாரி சர்பத், ரோஸ்மில்க் எல்லாம் பாகு ஊற்றிக் கலப்பவைதான்.

“பழத்துல இருந்துதானே எடுக்கிறாங்க?”

நாள்தோறும் நான் பதில் சொல்லும் கேள்வி இது. நிதானமாகப் படியுங்கள்.

இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி, குடிக்கத் தயாராக விற்கும் ‘ஃப்ரூட் டிரிங்க்’ என்ற பானத்தில் குறைந்தது 10 சதவீதம் பழச்சாறு இருந்தால் போதும். எலுமிச்சை என்றால் 5 சதவீதமே போதும். 150 மில்லி பாக்கெட்டில் 10 சதவீதம் என்றால் 15 மில்லி, அதாவது ஒரே ஒரு மேசைக்கரண்டி. சில பானங்களில் இதைவிடக் கூடுதலாகப் பழக்கூழ் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. பாக்கெட்டிலேயே எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள். மீதியெல்லாம் தண்ணீர், சர்க்கரை, புளிப்புக்கு சிட்ரிக் அமிலம், நிறம், மணம். அதே 150 மில்லியில் சர்க்கரை ஏறத்தாழ 20 கிராம். தேக்கரண்டிக் கணக்கில் நான்கு. மூன்று வயதுக் குழந்தையின் பால் டம்ளரில் நான்கு தேக்கரண்டி சர்க்கரை போடுவீர்களா? பாட்டி போட்டாலே சண்டைக்குப் போகும் அம்மாக்கள் பாக்கெட்டை மட்டும் யோசிக்காமல் வாங்கிக் கொடுக்கிறார்கள்.

“அப்போ விலை அதிகமான, சர்க்கரை சேர்க்காத ஜூஸ் வாங்கறோம்.” சர்க்கரை சேர்க்காத சாற்றிலும் 100 மில்லிக்கு சுமார் 10 கிராம் சர்க்கரை உண்டு. பழத்துக்குள் இருக்கும்வரை அது நாரோடு பிணைந்திருக்கும். பிழிந்து வடிகட்டியதும் தனிச் சர்க்கரை ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனமும் சாற்றில் இருக்கும் சர்க்கரையைச் சேர்த்த சர்க்கரையோடுதான் கணக்கில் வைக்கிறது. இரண்டு ஆரஞ்சை உரித்துத் தின்ன ஒரு குழந்தைக்குப் பத்து நிமிடம் ஆகும், பாதியில் போதும் என்று ஓடிவிடும். நான்கு ஆரஞ்சின் சாற்றை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை நீட்டும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. ‘100% பழச்சாறு’ என்று அடர்சாற்றில் தண்ணீர் கலந்து விற்பதற்கு அந்த வாசகமே கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. பழைய நினைப்பு மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

வீட்டில் பிழிந்தால்? சுத்தம் கூடுதல், சர்க்கரை நம் கையில். அதுவரை சரி. வடிகட்டி, மூன்று கரண்டி சர்க்கரை போட்டு, ஐஸ் கட்டி போட்டால் அதுவும் பாக்கெட் ஜூஸ்தான். பழத்தை நறுக்கிக் கையில் கொடுங்கள். கொய்யா, வாழை, பப்பாளி, சீசனில் மாம்பழம். பல் முளைக்காத குழந்தைக்கு மசித்துக் கொடுங்கள்.

எவ்வளவு கொடுக்கலாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2019-இலேயே எழுதி வைத்திருக்கிறது. 2 வயதுக்குள் பழச்சாறோ பழப்பானமோ எதுவும் வேண்டாம். 2 முதல் 5 வயது வரை நாளைக்கு 125 மில்லிக்கு மேல் கூடாது. அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 250 மில்லிக்கு மேல் கூடாது. அதுவும் வீட்டில் புதிதாகப் பிழிந்ததாக இருக்கட்டும் என்கிறது. இது உச்சவரம்பு, தினமும் கொடுத்தாக வேண்டிய அளவு இல்லை. எங்கள் துறைக்காரர்களே சிலர் மலச்சிக்கலுக்கு ஜூஸ் கொடுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். கேட்ட அம்மா நேராகக் கடைக்குத்தான் போவார். எந்தப் பழம், எவ்வளவு, எத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்தால்தான் சரி.

உடம்பில் என்ன பார்க்கிறோம்

சர்க்கரையால் எடை கூடும் என்பது எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். தெரியாமல் போகிறவற்றைச் சொல்கிறேன்.

“சாப்பிடவே மாட்டேங்கிறான், டானிக் எழுதுங்க” என்று வரும் மூன்று வயதுக் குழந்தைகளில் பலருக்கு டானிக் தேவையில்லை. சாப்பாட்டுக்கு முன் போன பாக்கெட்டுகளை நிறுத்தினாலே போதும். வயிறு சர்க்கரைத் தண்ணீரால் நிறைந்திருக்கிறது, சோறு எங்கே போகும்? இந்தக் குழந்தைகள் பார்க்கக் கொழுகொழுவென்றே இருக்கலாம். ரத்தப் பரிசோதனை எடுத்தால் இரும்புச்சத்து குறைந்திருக்கும்.

நன்றாக விளையாடும், எடையும் ஏறும், ஆனால் நாளைக்கு நான்கைந்து முறை தண்ணீராகப் போகும் குழந்தைகள் உண்டு. மலப் பரிசோதனை, ஆன்டிபயாடிக் என்று அலைந்துவிட்டு வருவார்கள். பல நேரம் ஜூஸை ஒரு வாரம் நிறுத்தினாலே சரியாகிவிடும்.

பத்து வயதுக்கு மேல், கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக, வெல்வெட் துணி போலத் தடித்த பட்டை. அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்கூட்டால் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக் கூட்டி வருகிறார்கள். அது அழுக்கு இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று உடம்பு கொடுக்கும் முன்னறிவிப்பு. அக்குளிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சோப்பு மாற்றாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-இல் வெளியானபோது நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் நம் பிள்ளைகள் இத்தனை சீக்கிரம் போய்ச் சேர வேண்டாம்.

பல்லைப் பற்றி: பல் எனாமல் கரையத் தொடங்கும் அமில அளவு பி.எச். 5.5. இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம். கோலா 2.5 அளவில் இருக்கிறது. பழப்பானங்களும் அமிலம்தான். ஒரே மடக்கில் குடிப்பதை விட, பாட்டிலை வைத்துக்கொண்டு மாலை முழுவதும் வாய் வாயாகக் குடிப்பது பல்லுக்கு அதிகக் கேடு. குடித்த உடனே பல் தேய்க்காதீர்கள், எனாமல் இளகியிருக்கும். தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம். பால் புட்டியில் ஜூஸ் ஊற்றி வாயில் வைத்துத் தூங்க வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். மேல் முன்பற்கள் நான்கும் கறுத்து உதிர்வது அதனால்தான்.

எனர்ஜி டிரிங்க்: அம்மா அப்பா இருவரும் படிக்க வேண்டிய பத்தி

லேபிளில் ‘ஹை கஃபைன்’ என்று இருக்கும். பக்கத்திலேயே சின்ன எழுத்தில், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் உகந்ததல்ல என்று இருக்கும். நாளைக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம் என்றும் இருக்கும். ஆங்கிலத்தில் இருப்பதால் யாரும் படிப்பதில்லை. விதிப்படி லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை கஃபைன் இருக்கலாம். அந்த அளவில் 250 மில்லி பாட்டிலில் 75 மில்லிகிராம். குழந்தைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை கவலையில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2015-இல் சொன்னது. 25 கிலோ எடையுள்ள பையனுக்கு ஒரே பாட்டிலில் அந்த வரம்பு முடிந்துவிட்டது. விளையாடிவிட்டு வந்து இரண்டாவது பாட்டிலைத் திறக்கிறான்.

“காபியில இருக்கிறதுதானே” என்பார்கள். காபி சூடாக இருக்கும், ஆற்றி ஆற்றிக் குடிப்போம், கசக்கும். இது ஜில்லென்று, மிட்டாய் போல, ஒரு நிமிடத்தில் உள்ளே போய்விடும். பத்து வயதுப் பையனுக்கு நாமாகக் காபி போட்டு இரண்டு டம்ளர் கொடுப்போமா? படபடப்பு, கை நடுக்கம், தலைவலி, வயிற்று எரிச்சல், இரவு பன்னிரண்டு மணி வரை தூக்கம் வராமை என்று ஒரு பிள்ளை சொன்னால், ஸ்கேனுக்கு முன் இதைக் கேளுங்கள். தேர்வு நேரத்தில் விழித்துப் படிக்க நீங்களே வாங்கிக் கொடுத்திருந்தால், தயவுசெய்து அதை இன்றோடு நிறுத்துங்கள். தூங்கினால்தான் படித்தது நிற்கும். இருதயக் கோளாறு, வலிப்பு நோய், கவனக்குறைபாட்டுக்கு மாத்திரை எடுக்கும் பிள்ளைகள் இதைத் தொடவே கூடாது.

பள்ளிகளுக்கு ஒரு வார்த்தை. கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமுள்ள பொருள்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி சொல்கிறது. தலைமை ஆசிரியர் எழுதிக் கொடுத்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து பார்ப்பார். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் பேசாமல் இதையும் எழுப்புங்கள்.

பேதிக்கு இது மருந்து இல்லை

1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைக் கொடுத்தே ஏராளமானோரைக் காப்பாற்றினார். அதுதான் ஓ.ஆர்.எஸ். அந்தக் கலவையின் உயிர் அதன் அளவில் இருக்கிறது. இன்றைய உலக சுகாதார நிறுவன அளவுப்படி ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். கரைந்திருப்பவை எல்லாம் சேர்ந்த மொத்தச் செறிவு 245 மில்லி ஆஸ்மோல் (செறிவை அளக்கும் அலகு), ரத்தத்தை விடக் கொஞ்சம் குறைவு. அதனால்தான் குடல் அதை உறிஞ்சிக்கொள்கிறது.

கோலாக்களும் பழப்பானங்களும் பலவும் இந்தச் செறிவுக் கணக்கில் 500-ஐத் தாண்டும். சர்க்கரை எட்டு ஒன்பது மடங்கு, உப்பு கொஞ்சமே. அவ்வளவு செறிவான தண்ணீர் உள்ளே போனால், குடல் உடம்பிலிருக்கும் நீரையும் உள்ளே இழுத்துப் பேதியாக வெளியே தள்ளும். வாயால் கொடுத்ததை விட அதிகமாக வெளியே போகும். சோடியம் தாறுமாறானால் ஃபிட்ஸ் வரும். வாந்திக்குக் கேஸ் போன செவன் அப் கொடுப்பதும், சோர்வுக்கு குளுக்கோஸ் பவுடர் கரைத்துக் கொடுப்பதும் இதே தவறுதான்.

இனிப்புப் பானங்களின் பெயரோடு ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று சேர்த்துக்கொள்ள இருந்த அனுமதியை 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் திரும்பப் பெற்றது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் தனியாளாகப் போராடியதன் பலன் அது. பெயர் மாறினாலும் பாக்கெட் அதே நிறத்தில், அதே மருந்துக்கடை அலமாரியில் இருக்கலாம். ஆகவே பெயரை மட்டும் நம்பாதீர்கள். கடையில் ‘ஓ.ஆர்.எஸ். குடுங்க’ என்று நிறுத்திவிடாமல், ‘தண்ணியில கரைக்கிற பவுடர், டபிள்யூ.எச்.ஓ. ஃபார்முலா’ என்று கேளுங்கள். உறையில் அந்த வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் இலவசமாகவே கிடைக்கும்.

கலக்கும் முறையில்தான் அடுத்த தவறு. பெரிய உறை முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீருக்குக் கொஞ்சம் என்று கண் அளவில் தூவக் கூடாது. செறிவு கூடினால் ஆபத்து, குறைந்தால் பயனில்லை. 200 மில்லிக்கான சின்ன உறையும் உண்டு, உறையில் பார்த்துக் கலக்குங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீர். கரைத்தபின் மறுபடி கொதிக்க வைக்கக் கூடாது. பாலிலோ ஜூஸிலோ கலக்கக் கூடாது, சர்க்கரை சேர்க்கக் கூடாது. 24 மணி நேரம் ஆனால் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

ஒவ்வொரு பேதிக்குப் பின்னும், 2 வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லி. அதற்கு மேல் கேட்கும் அளவு. டம்ளரில் மொத்தமாக ஊற்றினால் வாந்தி எடுக்கும். கரண்டியால் நிமிடத்துக்கொன்றாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள். தாய்ப்பால், சோறு, இட்லி எதையும் நிறுத்த வேண்டாம். கையில் ஓ.ஆர்.எஸ். இல்லாத நேரத்தில் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் மோரும் கொடுத்துக்கொண்டே வாங்கி வரச் சொல்லுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுக்கும் துத்தநாக (ஜிங்க்) மருந்தைப் பேதி நின்றாலும் 14 நாள் முடிக்க வேண்டும்.

குழந்தை துவண்டு கிடந்தால், குடிக்கவே முடியாவிட்டால், குடித்ததெல்லாம் வாந்தியானால், மலத்தில் ரத்தம் இருந்தால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே மருத்துவமனை.

லேபிளில் பார்க்க வேண்டியது

பெயரையும் முன்பக்கப் படத்தையும் விடுங்கள். பின்பக்க அட்டவணையில் ‘ஆடட் ஷுகர்ஸ்’ (சேர்த்த சர்க்கரை) என்ற வரி இருக்கும். பெரும்பாலும் 100 மில்லிக்கான கணக்கு அது. அதை பாட்டிலின் மொத்த மில்லியால் பெருக்கி நூறால் வகுத்தால் பாட்டிலில் இருக்கும் சர்க்கரை. அதை ஐந்தால் வகுத்தால் தேக்கரண்டி. 100 மில்லிக்கு 11 கிராம், பாட்டில் 600 மில்லி என்றால் 66 கிராம், அதாவது பதிமூன்று தேக்கரண்டி. லேபிளில் வரும் சதவீதம், நாளைக்கு 50 கிராம் என்ற பெரியவர்களின் கணக்கு. உங்கள் நான்கு வயதுக் குழந்தைக்கான கணக்கு இல்லை. அந்தக் குழந்தைக்கு நாள் முழுவதற்கும் 15 கிராமுக்குள் இருந்தால் நல்லது.

சேர்மானப் பட்டியல் எடை வரிசையில் இருக்கும். தண்ணீருக்கு அடுத்து சர்க்கரை இருந்தால் அது சர்க்கரைத் தண்ணீர். லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், ஃப்ரக்டோஸ் எல்லாம் சர்க்கரையின் வேறு பெயர்கள். 950, 951, 955 என்ற எண்கள் செயற்கை இனிப்பூட்டிகள். இப்போது சர்க்கரையையும் இவற்றையும் கலந்தே பல பானங்கள் வருகின்றன, ஆகவே சர்க்கரை குறைவாகத் தெரியும். எடையைக் குறைக்க இவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. பிள்ளைகளுக்கு ‘ஜீரோ’ வாங்கிக் கொடுப்பதால் இனிப்பு நாக்கு மாறப்போவதில்லை.

ஒரே ஒரு இடத்தில் இந்தச் சர்க்கரை உயிர் காக்கும். இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரை தாழ்ந்து வியர்த்துக் கொட்டினால், நினைவு இருக்கும்போது 150 மில்லி சாதாரண கோலா கொடுக்கலாம். ஜீரோ பாட்டிலைக் கொடுத்துவிடாதீர்கள்.

நிறுத்துவது எப்படி

வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் குழந்தையைத் திட்டாதீர்கள். வாங்குவது நாம். இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்குப் படிப்படியாகக் குறைப்பது எல்லாம் வேண்டாம், ஒரே நாளில் நிறுத்துங்கள். நான்கைந்து நாள் அழும். பாட்டி தாத்தாவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், இல்லையென்றால் மூன்றாம் நாள் அவர்களே வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். பெரிய பிள்ளைகளுக்கு நாளைக்கு மூன்றை ஒரு வாரத்தில் ஒன்றாக்கி, அடுத்து வாரத்துக்கு ஒன்றாக்குங்கள். அந்த ஒன்றும் சாப்பாட்டோடு, டம்ளரில் ஊற்றி. கையில் பாட்டில் வேண்டாம். எனர்ஜி டிரிங்குக்கு இந்தச் சலுகை கிடையாது. தினமும் குடித்த பிள்ளை நிறுத்திய முதல் இரண்டு நாள் தலைவலி, எரிச்சல் என்று சொல்லலாம், அது தானே அடங்கும்.

பதிலுக்கு என்ன? முதலில் தண்ணீர். பள்ளிக்குப் பெரிய தண்ணீர் பாட்டில், வீட்டில் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் மண்பானை. மோர், ஒரு தேக்கரண்டிக்குள் சர்க்கரை போட்ட எலுமிச்சைச் சாறு, இளநீர். பதநீர் நல்லது என்று செம்பு செம்பாகக் கொடுக்காதீர்கள், அதுவும் இனிப்புதான், ஒரு சின்ன டம்ளர் போதும்.

ஆஸ்பத்திரியில் இருக்கும் குழந்தையைப் பார்க்கப் போகிறவர்கள் ஜூஸ் பாக்கெட் வாங்கிப் போகாதீர்கள். பேதிக்காகச் சேர்த்த குழந்தையின் தலைமாட்டில் அந்தப் பாக்கெட்டுகள்தான் அடுக்கியிருக்கும். நாங்கள் ஒரு பக்கம் டிரிப் ஏற்ற, அது மறுபக்கம் வேலை செய்யும். நாலு வாழைப்பழம் வாங்கிப் போங்கள்.

மருத்துவரிடம் வரும்போது, குழந்தை குடித்த பாக்கெட்டையும் பாட்டிலையும் காலியாக இருந்தாலும் பையில் போட்டு எடுத்து வாருங்கள். ‘ஏதோ ஜூஸ்’ என்பதை வைத்து எங்களால் எதுவும் கணக்கிட முடியாது. லேபிள் கையில் இருந்தால் இரண்டு நிமிடத்தில் முடியும்.